திரும்பிப் போனவள் மீது ஒரு வழக்கு

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. கல்லூரியில் படித்த நாளிலிருந்தே பிடிக்காது. நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வர ஆட்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எனக்கோ அவள் தோளைப் பிடித்து உலுக்கி, ஏண்டி உனக்கு இப்படிப் புத்தி போனது என்று கேட்க வேண்டும்போல இருக்கும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவளை அக்கரையில் கட்டிக் கொடுக்கிறார்கள். புருஷன் குடிகாரன்கூட இல்லை, நிதானத்தோடு அடிக்கிறவன். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஆற்றைக் கடந்து அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் யாரும் அவளைப் போ என்று சொல்வதில்லை. இரு என்றும் சொல்வதில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் விடியற்காலையில் எழுந்து குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் ஆற்றைக் கடந்து திரும்பிப் போகிறாள். புருஷன் வீட்டுக் கதவு திறக்கிறது, மூடுகிறது. அடுத்த பக்கத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எப்படிச் செத்தாள் என்று எழுதியவர் சொல்லவில்லை. தங்கை கல்யாணம் நல்லபடியாக நடக்கிறது. அவ்வளவுதான்.

வகுப்பில் இதை நடத்திய அம்மா, தெரிந்தே போனாளே, அங்கேதான் அவள் உயர்ந்து நிற்கிறாள் என்றார். நான் எழுந்து, உயரவும் இல்லை ஒன்றும் இல்லை, புத்தி கெட்டவள் என்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, நாளெல்லாம் தும்மி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும் விட்டேன். அவளைப் பற்றிய என் கருத்து மட்டும் அப்படியே இருந்தது.

என் அண்ணனுக்கு அவள் குலதெய்வம். நாமக்கல்லில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு கூட்டம் போட்டுப் புத்தகம் பேசுகிற வாசகர் வட்டம் ஒன்றை நடத்துகிறார். அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பற்றி எங்கே பேசினாலும் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையை எடுப்பார், சற்று நேரம் பேசாமல் நிற்பார். கூட்டத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். மனுஷன் எவ்வளவு மென்மையானவர் பாருங்கள் என்று என்னிடமே வந்து சொன்னவர்கள் உண்டு. மென்மைதான், இல்லையென்று யார் சொன்னது. அவர் யார்மீதும் கை வைத்ததில்லை, யாரையும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை. அதனாலேயே அவரை எதிர்த்துப் பேசுகிறவள் ராட்சசியாகத் தெரிவாள். எங்கள் வீட்டில் அந்த வேடம் எனக்கு.

அண்ணன் மகளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியோடு வடநாட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். அவன் ஊரில் இல்லாத மாதங்களில் அவள் நன்றாக இருந்தாள். வந்தால் அடி. இந்த வருஷம் சித்திரையில் ஒருநாள் மத்தியானம், கையில் பைகூட இல்லாமல், டவுன் பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது காது வீங்கியிருந்தது. சேலத்துக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டியது நான். ஜவ்வு கிழிந்திருக்கிறது, இந்தக் காதில் இனிக் கேட்பது பாதிதான் என்றார். அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர், "தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கற நேரத்துல இப்புடி ஆயிப்போச்சே அம்மிணி" என்றார். அவள் தம்பிக்கு அப்போது மோகனூர்ப் பக்கம் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி உயிரோடு இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று சொல்ல ஆசைதான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அண்ணி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அதனால் அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்குப் பெண்பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் போய்ச் செய்தேன்.

ஆடி முடிந்ததும் அண்ணனின் வாசகர் வட்டம் அந்த நாவலுக்கு ஒரு வழக்காடு மன்றம் வைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கதையில் வருகிற ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் காப்பாற்றுவார், நடுவர் தீர்ப்புச் சொல்வார். கூண்டில் ஆள் இருக்க மாட்டார், பெயர் மட்டும் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கல்யாண மண்டபத்து மாடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் தொங்கிய பேனரில் "புகுந்த வீடு திரும்பியது குற்றமா? கடமையா?" என்று எழுதியிருந்தது. நடுவர் வேறு யார், அண்ணன்தான்.

கடைசிப் பக்கத்தை முதலில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு அண்ணன் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? தன் மகளை. அவளுக்கு நல்ல குரல், பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியவள். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் அடக்க முடியவில்லை. எதுவும் தோன்றாமல் செய்தாரா, இல்லை தோன்றித்தான் செய்தாரா? இரண்டில் எது என்றாலும் மன்னிக்க மாட்டேன். அவள் தலைமுடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினாள். குளித்தது, சேலை கட்டியது, ஆறு, கதவு எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறாமல் வாசித்துவிட்டு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கேட்கிற காது என் பக்கம் இருக்கட்டும் என்று அப்படி உட்காருவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

குற்றம் சாட்ட வந்தவர் வங்கியில் வேலை பார்த்தவர். அவளுக்குத் தன்மானம் இல்லை, ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுப் பிழைத்திருக்கலாம் என்றார். கூட்டம் சிரித்தது. காப்பாற்ற வந்த பள்ளிக்கூட ஆசிரியர், தங்கைக்காகத் தன்னையே கொடுத்தாள், இந்தக் காலத்துப் பெண்கள் ஒரு செல்போனுக்காக வீட்டை விட்டுப் போகிறார்கள் என்றார். அதற்கும் சிரித்துக் கை தட்டினார்கள். புருஷன் என்று ஒருத்தன் அந்தக் கதையில் இருக்கிறானே, அவனைக் கூண்டில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பனையும் ஏற்றவில்லை. நடுவில் வந்த போண்டாவும் காபியும் நன்றாக இருந்தன.

கடைசியில் அண்ணன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவள் தோற்றுப் போகவில்லை, வந்த வழியே திரும்பி நடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், அவள் எடுத்த முடிவு சரியானது, இந்த மன்றம் அவளை வணங்கி விடுவிக்கிறது என்றார். கைக்குட்டையை எடுத்தார். எழுந்து நின்று கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவள், முகத்தை நன்றாகத் திருப்பி, நல்ல காதைக் கொடுத்து, அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி இறங்கும்போது, "உங்கப்பனுக்கு வேற வேலையில்லை. அவ ஒரு முட்டாள், அவளப் போயி கும்புட்டுக்கிட்டு" என்றேன்.

"முட்டாளுன்னு சொல்லாதீங்கத்தை," என்றாள். "அவளுக்குப் போறதுக்கு வேற ஊடு இல்லீங்களே. அதான் போனா."

"வேற ஊடு இல்லைன்னா? தேடியிருக்கோணும்."

"எங்கீங்க தேடறது? நீங்க சொல்லுங்க பாப்போம்."

எனக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனது அதைவிட எரிச்சல். கீழே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டார் வருகிறார்களாம், அப்பா ஒத்துக்கொண்டாராம், அவளும் சரி என்று சொல்லிவிட்டாளாம். "நீங்க மடி கட்ட வரோணுமுங்கத்தை" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் பயந்துபோனேன். ஒரு புத்தகத்தில் இருப்பவள் திரும்பிப் போனால் திட்டலாம். இவள் என் கையில் வளர்ந்தவள்.

மடி கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு வந்த பெண்ணை அப்படியே திருப்பி அனுப்ப மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடிந்ததும் அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, முந்தானையில் பச்சரிசி, தேங்காய், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை பாக்கு வைத்து முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். போடுகிறவள் அந்த வீட்டில் பிறந்த சுமங்கலியாக இருக்க வேண்டும், அதாவது அத்தைக்காரி. பார்க்க மங்களமாக இருக்கும். ஆனால் அந்த முடிச்சுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அது விழுந்துவிட்டால் பழைய பேச்சு முடிந்தது. அதற்கு முன்னால் நடந்த எதையும் வைத்து அவள் பிறந்த வீட்டுக்கு வந்து நியாயம் கேட்கக் கூடாது. காது போனதும் அந்த முடிச்சுக்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனேன். வீட்டுக்காரரிடம் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது. போய் அண்ணனைத் தனியாகப் பிடித்து, ஒரு வருஷம் பொறுங்கள், பையன் கல்யாணம் முடியட்டும், அதுவரை இவள் இங்கே இருக்கட்டும் என்று கேட்டேன். "நல்ல முடிவ அவளே எடுத்திருக்கறா. நாம கெடுக்கக் கூடாது" என்றார். மேடையில் பேசிய அதே குரல்.

சம்பந்தியம்மாவும் அவர் கொழுந்தனாரும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. வண்டி ராஜஸ்தானில் நிற்கிறதாம், தீபாவளிக்கு வருவானாம். அடித்தவனைத் தவிர மற்ற எல்லோரும் சமாதானம் பேசினோம். "அவனுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதுங்க, மத்தபடி தங்கமான பையன்" என்றார் சம்பந்தியம்மா. அண்ணன் தலையாட்டினார். காதைப் பற்றி நான்தான் எடுத்தேன். "ரெண்டு பக்கமும் கேட்டா ஊட்டுல சண்டதானுங்களே வரும்" என்று கொழுந்தனார் சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

பலகை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். தாம்பாளம் என் கைக்கு வந்தது. நான் அதைக் கீழே வைத்துவிட்டு, "நான் கட்டமாட்டேன்" என்றேன்.

"அம்மிணி, நேரமாச்சு" என்றார் அண்ணன், நான் ஏதோ விளையாடுகிறேன் என்பதுபோல. "கட்டமாட்டேனுங்கண்ணா" என்று மறுபடி சொன்னேன்.

"அத்தைக்காரி பேச்சக் கேட்டுத்தான் புள்ள இத்தன நாளு இங்கயே இருந்துச்சாட்ட" என்று சம்பந்தியம்மா கூரையைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் முகம் சிவந்தது. எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்று கொழுந்தனார் கேட்டார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். விரித்த முந்தானையை இறக்காமலே அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கு மேடையில தீர்ப்புச் சொன்னீங்கல்லங்க, அவ திரும்பிப் போனது சரின்னு. அவ செத்துப் போனது தெரிஞ்சுதானுங்க சொன்னீங்க. எனக்கு முன்னாலயே சொல்லிருங்க. நானும் செத்துப் போனா, அப்பவும் சரின்னுதான் சொல்லுவீங்களா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் புத்தகத்துக்கு அழுதவர், இப்போது அழுதால்கூட அவரை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வாழப்போற நேரத்துல அபசகுனமாப் பேசாத சாமி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "மடியக் கட்டு" என்றார்.

அவள் முந்தானையை இறக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். "சேலத்துல என்ற ஊடு இருக்குது. கெளம்பு" என்றேன். மாடிப்படியில் அவள் கேட்டதற்கு இதுதான் பதில், எனக்கு வந்து சேர ஒரு வாரம் ஆனது. உள்ளே போய் மருந்துச் சீட்டையும் இரண்டு சேலையையும் எடுத்து ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு வந்தாள். சம்பந்தியம்மா என்னென்னவோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

வாசலில் அண்ணன் வந்து நின்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இவளக் கூட்டிட்டு இந்த வாசப்படி தாண்டுனா, உனக்கு இந்த ஊட்டுலயிருந்து கோடி வராது. ஞாபகம் வச்சுக்கோ."

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுச்சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து அவள்மேல் போர்த்துவார்கள். அது வருகிற வரைக்கும் பிணத்தை எடுக்க மாட்டார்கள். வராமல் போனால் அவளுக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். புருஷன் வீட்டில் எவ்வளவு சொத்து சுகத்தோடு இருந்தாலும் பெண்கள் இந்த ஒரு சேலைக்காகப் பிறந்த வீட்டோடு பகைக்காமல் போவார்கள். அண்ணனுக்கு அது தெரியும். எனக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துத்தான் அடித்தார். நிதானத்தோடு அடித்தார்.

"உசுரோட வந்த பொண்ணுக்கு எடம் இல்லாத ஊட்டுச் சேலை எனக்கு எதுக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். தெருமுனை வரை வீராப்பாக நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று வந்த திசையைத் திரும்பிப் பார்த்தேன். என் அப்பா அம்மா வாழ்ந்த வீடு அது. நான் பிறந்ததும் அங்கேதான். இனி அங்கே போக மாட்டேன் என்பது அழுகையாக வந்தது. சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த நாவலில் வருகிறவளை இனி நான் திட்டுவதாக இல்லை. அவளை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். அவ்வளவு தடித்த புத்தகத்தில் ஆறு, தோப்பு, தேர், திருவிழா எல்லாம் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, கூடப்பிறந்தவனோடு சண்டை போட ஒரு அத்தைக்காரியை எழுதக் கை வரவில்லையா? கை வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். எழுதினால் அவள் பிழைத்திருப்பாள். அப்புறம் இவர்கள் எதைப் படித்து அழுவது?

ராசிபுரம் தாண்டியதும் அவள் என் தோளைத் தொட்டாள்.

"என்னாலதானுங்களே அத்தை உங்களுக்குக் கோடி இல்லாமப் போச்சு."

"ஏன், நீ யாரு? அந்த ஊட்டுல பொறந்தவதானே. நீ எடுத்துப் போடு."

"பொம்பள போடலாமுங்களா?"

"போட்டாத்தான் என்ன. வேண்டாம்னு சொல்ல நானா எந்திரிச்சு வரப்போறேன்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதாள். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன கலருங்கத்தை வேணும்?" என்று கேட்டாள்.

"எதுவா வேணா இருக்கட்டும், பச்சை மட்டும் எடுத்துடாத" என்றேன். "எனக்கு அது எப்பவுமே எடுப்பா இருக்காது."